மஹோனிங் பள்ளத்தாக்கு ஏன் கட்சி மாறியது?

1983ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு ஷெரிஃப் சிறைக்குப் போனார். மஹோனிங் மாவட்ட மக்கள் தேர்ந்தெடுத்த காவல் தலைவர் அவர். பெயர் ஜேம்ஸ் டிராஃபிகன்ட். வேலை போய், வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட முடியாமல் நின்ற உருக்காலைத் தொழிலாளர்களின் வீடுகளை ஏலத்துக்குக் கொண்டுவரும் ஆணைகளில் கையெழுத்திட மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று சில நாட்கள் உள்ளே வைத்தார்கள். வெளியே வந்தபோது அந்த வட்டாரத்தின் நாயகனாகியிருந்தார்.

அதே ஆண்டு, மாஃபியா கும்பல்களிடம் பணம் வாங்கினார் என்று அவர்மீது வழக்கு நடந்தது. பேச்சு ஒலிநாடாவில் பதிவாகியிருந்தது. கும்பலைப் பிடிக்க நானே விரித்த வலை அது என்று, வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடினார். ஜூரி அவரை விடுவித்தது. அடுத்த ஆண்டே மக்கள் அவரை வாஷிங்டனுக்கு, பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பினார்கள். 2002இல் லஞ்சக் குற்றம் நிரூபணமாகி, 420க்கு 1 என்ற வாக்கில் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதன் பிறகும் சிறையில் இருந்தபடியே சுயேச்சையாக நின்று ஏறத்தாழ 15 விழுக்காடு வாக்குகள் பெற்றார்.

அமெரிக்க அரசியலைப் பற்றி நம் இதழ்களில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை டொனால்ட் டிரம்ப் என்ற ஒரு மனிதரில் தொடங்கி அவரிலேயே முடிந்துவிடுகின்றன. அவர் வருவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே ஓர் ஊர், "இவர் கை சுத்தமில்லாதவராகவே இருக்கட்டும், நம் வீட்டு வாசலில் வந்து நின்றவர் இவர் ஒருவர்தான்" என்ற முடிவுக்கு வந்துவிட்டது. அந்த ஊர் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று பார்த்தால்தான் இன்றைய அமெரிக்காவின் பிளவு எனக்குக் கொஞ்சமாவது புரிகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் வாழும் நியூ ஜெர்சியும் டெக்சஸும் கலிபோர்னியாவும் நமக்குத் தெரியும். அவற்றுக்கு நடுவில் விமானத்திலிருந்து குனிந்துகூடப் பார்க்காமல் கடந்துபோகும் நிலத்தில் இருக்கிறது மஹோனிங் பள்ளத்தாக்கு.

அதன் தலைநகர் என்று சொல்லத்தக்க ஊர் யங்ஸ்டவுன். கிளீவ்லாந்துக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் இடையில், மஹோனிங் ஆற்றின் கரையில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த ஆற்றங்கரை நெடுக உலைகள். 1930இல் ஊரின் மக்கள்தொகை 1,70,000. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 60,000.

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் தன் கேம்பெல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. ஒரே அறிவிப்பில் சுமார் 5,000 பேருக்கு வேலை இல்லை என்றானது. அந்த நாளை ஊர்மக்கள் இன்றும் 'கறுப்புத் திங்கள்' என்றே சொல்கிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

ஜப்பான் எஃகு மலிவாக வந்தது, உலைகள் பழசாகிவிட்டன, ஆகவே மூடினார்கள் என்பது வழக்கமான விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் உலைகள் ஏன் பழசாகவே விடப்பட்டன? 1969இல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த லைக்ஸ் என்ற கப்பல் நிறுவனம் கடன் வாங்கி, தன்னைவிடப் பெரிய இந்த எஃகு நிறுவனத்தை வாங்கியது. எஃகு விற்று வந்த பணம் புதிய உலைகளுக்குப் போக வேண்டியது. வாங்கிய கடனை அடைக்கப் போனது. யு.எஸ். ஸ்டீல் நிறுவனமும் அப்படித்தான். யங்ஸ்டவுனில் இருந்த ஆலைகளைப் புதுப்பிப்பது கட்டுப்படியாகாது என்று மூடிய அந்த நிறுவனம், 1982இல் மாரத்தான் எண்ணெய் நிறுவனத்தை 600 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பணம் இருந்தது. அந்த ஊருக்காக இல்லை, அவ்வளவுதான்.

ஊர் சும்மா இருக்கவில்லை. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட், யூதச் சமயத் தலைவர்கள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தினார்கள். கேம்பெல் ஆலையைத் தொழிலாளரும் ஊராரும் சேர்ந்து வாங்கி நடத்துவது என்று திட்டமிட்டார்கள். ஊராரிடமிருந்து சேமிப்பு திரட்டினார்கள். மத்திய அரசு கடனுக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று கேட்டார்கள். 1979இல் அதிபர் கார்ட்டரின் அரசு மறுத்துவிட்டது. கார்ட்டர் ஜனநாயகக் கட்சிக்காரர். அந்தப் பள்ளத்தாக்கு தலைமுறை தலைமுறையாக வாக்களித்துவந்த கட்சி அது. யு.எஸ். ஸ்டீல் ஆலைகள் தொடர்பான வழக்கில் மத்திய நீதிபதி தாமஸ் லாம்ப்ரோஸ் ஒரு கேள்வியை எழுப்பினார்: இத்தனை காலம் ஓர் ஊரின் வாழ்வோடு பின்னிக் கிடந்த ஆலையின்மீது அந்த ஊருக்கும் ஏதேனும் உரிமை உருவாகியிருக்காதா? கேட்டவரே கடைசியில், அப்படியோர் உரிமைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தார். என் பார்வையில் அமெரிக்க ஜனநாயகத்தின் இன்றைய இறுக்கம் அந்தத் தீர்ப்பறையிலேயே தொடங்கிவிட்டது. வாக்குச்சீட்டுக்கு எட்டாத உயரத்தில்தான் தங்கள் வாழ்வு முடிவாகிறது என்று மக்கள் அங்கே நேரடியாகக் கற்றுக்கொண்டார்கள்.

இழந்தது வேலையை மட்டும்தானா என்று கேட்க வேண்டும். உருக்காலையோடு சேர்ந்து தொழிற்சங்கமும் இருந்தது. ஸ்லோவாக்கியர், இத்தாலியர், ஐரிஷ்காரர், தென் மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த கறுப்பின மக்கள், போர்ட்டோ ரிக்கர் எல்லோரும் ஒரே சங்கத்தில் உறுப்பினர்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு வேறு தேவாலயம், வேறு வேறு தெரு. ஆனால் ஊதியப் பேச்சு என்று வந்தால் ஒரே கூடம். பக்கத்தில் இருப்பவனைப் பிடிக்காவிட்டாலும் அவனோடு கைகோக்க வேண்டிய கட்டாயத்தைச் சங்கம் உண்டாக்கியது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கறுப்பினத் தொழிலாளரை நிலக்கரியைச் சுட்டெடுக்கும் சூளைகளிலும் மிகுந்த வெப்பமும் நச்சுப் புகையும் உள்ள பிரிவுகளிலுமே ஒதுக்கிவைத்திருந்தார்கள். வேறு பிரிவுக்கு மாறினால் பணிமூப்பை இழக்க வேண்டும் என்ற விதிக்குச் சங்கமும் உடந்தை. 1974இல் ஒன்பது எஃகு நிறுவனங்களும் சங்கமும் அரசோடு செய்துகொண்ட நீதிமன்ற ஒப்பந்தத்தின் பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. மூன்றே ஆண்டுகளில் கறுப்புத் திங்கள் வந்தது. முன்னேறும் உரிமை கைக்கு வந்த நேரத்தில் முன்னேற ஆலையே இல்லாமல் போனது.

நாடு முழுவதும் இதே காலத்தில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1950களின் நடுவில் அமெரிக்கத் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவர் சங்க உறுப்பினர். இன்று பத்தில் ஒருவர். 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11,000க்கு மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்களை அதிபர் ரீகன் வேலையைவிட்டு நீக்கினார். போராடினால் பணி போகும் என்பதைத் தனியார் முதலாளிகளும் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். ஐசன்ஹோவர் காலத்தில் 91 விழுக்காடாக இருந்த வருமான வரியின் உச்ச விகிதம், ரீகன் பதவிக்கு வந்தபோது 70, 1988இல் 28, இப்போது 37. மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலைக்குப் பிறகு அது ஒரு காசுகூட உயரவில்லை.

டில்லியில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா சென்ற பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவர் குழுவினரும் வரி ஆவணங்களையும் மக்கள்தொகைக் கணக்கையும் கொண்டு ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள்: பெற்றோரைவிட அதிகம் சம்பாதிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? 1940இல் பிறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அப்படிச் சம்பாதித்தார்கள். 1980களில் பிறந்தவர்களில் பாதிப்பேர்தான். பொருளாதாரம் வளராததைவிட, வளர்ந்ததன் பலன் சிலரிடமே தங்கிவிட்டதுதான் இந்தச் சரிவுக்குப் பெரிய காரணம் என்றும் அவர்கள் காட்டினார்கள். 'நம்மைவிட நம் பிள்ளை நன்றாக இருக்கும்' என்ற நம்பிக்கையில்தான் அமெரிக்கா என்ற எண்ணமே நிற்கிறது. அது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போல ஆகிவிட்டது.

சொத்துக் கணக்கைப் பார்த்தால் இன்னும் கடுமை. அமெரிக்க மத்திய வங்கியின் புள்ளிவிவரப்படி உச்சியில் உள்ள 1 விழுக்காடு குடும்பங்களிடம் நாட்டின் குடும்பச் சொத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு. கீழ்ப்பாதியினர் எல்லோரிடமும் சேர்த்து 2.5 விழுக்காடு அளவுக்கே. சொத்தின் வகையும் வேறு. கீழே இருப்பவர்களுக்குச் சொத்து என்றால் வீடு, அதுவும் அடமானத்தில். மேலே இருப்பவர்களுக்குப் பங்குகள். 2008இல் வீட்டுக் கடன் குமிழி வெடித்தபோது இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரிந்தது. நிதித் துறையைக் காப்பாற்ற நாடாளுமன்றம் 70,000 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் ஜப்தியில் வீட்டை இழந்தன. பங்குச் சந்தை சில ஆண்டுகளில் மீண்டது. பறிபோன வீடு திரும்பி வரவில்லை. அந்தக் கோபம் 2009இல் வலதுபுறம் 'தேநீர் விருந்து' இயக்கமாகவும், 2011 செப்டம்பரில் இடதுபுறம் வால் ஸ்ட்ரீட் முற்றுகையாகவும் வெடித்தது. ஒரே காயத்தின் வலியை இரண்டு கூட்டங்கள் இரண்டு மொழியில் கத்தின. ஒன்று அரசைக் குற்றவாளியாக்கியது, மற்றது வங்கியை. சேர்ந்து கத்துவதற்கு ஒரு கூடம் இல்லை.

இந்தக் கதையில் ஒரு கட்சியை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது. வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தைப் பேசி முடித்தது குடியரசுக் கட்சியின் மூத்த புஷ். 1993இல் அதை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றவைத்தது ஜனநாயகக் கட்சியின் கிளின்டன். சீனா உலக வர்த்தக அமைப்பில் நுழைய வழிவிட்டதிலும் இரு கட்சியினருக்கும் பங்குண்டு. 2000ஆம் ஆண்டில் 1 கோடியே 70 லட்சமாக இருந்த உற்பத்தித் துறை வேலைகள் 2010இல் 1 கோடியே 15 லட்சமாகச் சுருங்கின. மலிவு விலைப் பொருள் எல்லோருக்கும் கிடைத்தது. விலை கொடுத்தவை சில ஊர்கள் மட்டுமே.

இனி, மஹோனிங் பள்ளத்தாக்கின் வாக்குகளைப் பார்ப்போம். யங்ஸ்டவுனுக்கு அருகே லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய கார் ஆலை 1966 முதல் இயங்கியது. 2009இல் நிறுவனம் திவாலானபோது ஒபாமா அரசு அதற்குப் பணம் போட்டுக் காப்பாற்றியது. லார்ட்ஸ்டவுன் பிழைத்தது. 2012 தேர்தலில் மஹோனிங் மாவட்டம் ஒபாமாவுக்கு 60 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்தது. அவர் கறுப்பினத்தவர் என்பது அப்போது அந்த ஊருக்குத் தடையாக இருக்கவில்லை. அரசு வந்து நின்றது. ஊர் அதை நினைவில் வைத்திருந்தது.

2016இல் காற்று திரும்பியது. பக்கத்து டிரம்புல் மாவட்டம் டிரம்ப்பிடம் போனது. மஹோனிங்கில் ஹிலாரி கிளின்டன் சொற்ப வித்தியாசத்தில் தப்பினார். 2017 ஜூலையில் டிரம்ப் யங்ஸ்டவுனுக்கு வந்து, வேலைகள் எல்லாம் திரும்பி வருகின்றன, வீட்டை விற்காதீர்கள் என்றார். 2019 மார்ச்சில் லார்ட்ஸ்டவுன் ஆலை மூடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டுத் தேர்தலில் அந்த ஊர் அவரைத் தண்டித்திருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. 1972இல் நிக்சனுக்குப் பிறகு மஹோனிங்கில் வென்ற முதல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆனார் டிரம்ப். 2024இல் அந்த வித்தியாசம் இன்னும் கூடியது.

இந்தப் புதிர்தான் என்னை நெடுநாள் யோசிக்கவைத்தது. வாக்குறுதி பொய்த்த பிறகு ஆதரவு எப்படிக் கூடும்? நான் வந்துசேர்ந்த விடை இது: அதற்குள் வாக்கு என்பது வேலைக்கான பேரமாக இருப்பது நின்றுபோயிருந்தது. நாற்பது ஆண்டுகளில் கார்ட்டர் வந்தார், ரீகன் வந்தார், கிளின்டன், புஷ், ஒபாமா எல்லோரும் வந்தார்கள். ஊர் தேய்ந்துகொண்டே போனது. எந்தக் கையும் ஆலையைத் திருப்பித் தராது என்று ஆனபின், தம்மை அவமதிப்பவர்களாகத் தாம் நினைப்பவர்களை எதிர்த்துச் சத்தம் போடும் ஆள் யார் என்பதே கேள்வியாக மிஞ்சியது. ஏலத்துக்குக் கையெழுத்திடாத ஷெரிஃப் மீண்டும் வந்தார், இம்முறை தேசிய அளவில்.

ஆனால் இந்த விளக்கம் பாதிதான். அதே ஆலையில் அதே வேலையை இழந்த கறுப்பினத் தொழிலாளரும், அதே தேய்ந்த தெருக்களில் வாழும் அவர்கள் பிள்ளைகளும், பெரும்பான்மையாக டிரம்ப் பக்கம் போகவில்லை. பசி ஒன்று, வாக்கு வேறு. ஆகவே எல்லாவற்றையும் ஆலைமூடலின் கணக்கில் எழுதிவிட்டு நகர்வது நேர்மையாகாது. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தந்த 1964, 1965ஆம் ஆண்டுகளின் குடிமை உரிமை, வாக்குரிமைச் சட்டங்களுக்குப் பிறகு தெற்கின் வெள்ளையர்கள் மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிக்கு நகர்ந்தார்கள். முன்பு இரு கட்சிகளிலும் பழமைவாதிகளும் சீர்திருத்தக்காரர்களும் கலந்திருந்தார்கள். பிறகு இனம், சமயம், ஊரா நகரமா, கல்லூரி போனவரா போகாதவரா என எல்லாக் கோடுகளும் கட்சிக் கோட்டின் மேலேயே வந்து விழுந்தன. வேலை இழந்த வெள்ளைத் தொழிலாளிக்கு, "உன் இடத்தை எடுத்துக்கொண்டவர்கள் குடியேறிகள், கறுப்பர்கள்" என்ற கதை தயாராக இருந்தது. லைக்ஸ் நிறுவனத்தின் கடன் கணக்கை விளக்குவதைவிட அந்தக் கதையைச் சொல்வது எளிது.

மகனோ மகளோ எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் வருத்தப்படுவீர்களா என்று 1960இல் கேட்டபோது, இரு கட்சியினரிலும் 5 விழுக்காட்டினர் அளவிலேயே ஆம் என்றார்கள். 2010இல் குடியரசுக் கட்சியினரில் கிட்டத்தட்டப் பாதிப்பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினரும் ஆம் என்றார்கள். சாதி பார்த்துப் பெண் கொடுக்கும் ஊரில் வளர்ந்த நமக்கு, கட்சி அங்கே என்னவாகிவிட்டது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

செய்தி வரும் வழியும் மாறியது. வானொலியும் தொலைக்காட்சியும் சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்பையும் தர வேண்டும் என்ற விதி 1987இல் கைவிடப்பட்டது. நாள் முழுதும் ஒரு தரப்பை மட்டும் ஊட்டும் ஒலிபரப்பு தொழிலாக வளர்ந்தது. 2020 தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற பொய்யை ஒளிபரப்பியதற்காக ஃபாக்ஸ் நியூஸ் நிறுவனம் 2023இல் அந்த இயந்திரங்களைத் தயாரித்த டொமினியன் நிறுவனத்துக்கு 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய இழப்பாகத் தெரிவது யங்ஸ்டவுனின் விண்டிகேட்டர் நாளிதழ். 1869இல் தொடங்கிய அது 150 ஆண்டுகள் வந்து, லார்ட்ஸ்டவுன் ஆலை மூடிய அதே 2019இன் ஆகஸ்ட் 31 அன்று கடைசி இதழை அச்சிட்டது. ஊர்ச் செய்தி, மரண அறிவிப்பு, பள்ளிக் கால்பந்து, மாஃபியாவோடு கைகோத்த அரசியல்வாதிகள் எல்லாம் ஒரே தாளில் வந்தன. அந்தத் தாளைக் கட்சி பேதமில்லாமல் எல்லோரும் படித்தார்கள். 2005க்குப் பிறகு அமெரிக்காவில் இருந்த நாளிதழ், வார இதழ்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நின்றுபோய்விட்டன.

இந்த வெற்றிடத்துக்குள் பணம் வந்தது. 2010 ஜனவரியில் 'சிட்டிசன்ஸ் யுனைட்டெட்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், நிறுவனங்கள் வேட்பாளர்களைச் சாராமல் தனித்துச் செய்யும் தேர்தல் செலவுக்கு வரம்பு விதிக்க முடியாது என்றது. அது பேச்சுரிமை என்றது. ஒஹாயோவிலேயே அதன் விளைவைப் பாருங்கள். 2022இல் செனட் தேர்தலில் வென்ற ஜே.டி. வான்ஸ், மிடில்டவுன் என்ற உருக்காலை ஊரில் பிறந்தவர். கைவிடப்பட்ட தொழிலாளரின் குரலாக அறிமுகமானவர். அவரை ஆதரித்த அமைப்புக்கு சிலிக்கான் பள்ளத்தாக்கின் செல்வந்தர் பீட்டர் தீல் 1.5 கோடி டாலர் கொடுத்தார். 2024இல் ஒஹாயோவின் இன்னொரு செனட்டர், ஜனநாயகக் கட்சியின் ஷெராட் பிரவுன் தோற்றார். வர்த்தக ஒப்பந்தங்களைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தவர், அப்போது செனட் வங்கிக் குழுவின் தலைவராக இருந்தவர். கிரிப்டோ நாணயத் துறையின் நிதியில் இயங்கிய அமைப்பு அவரைத் தோற்கடிக்க 4 கோடி டாலர் செலவிட்டது. அதே ஆண்டு எலான் மஸ்க் ஒருவரே டிரம்ப்பையும் அவர் கட்சியையும் ஆதரித்து 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்டார். 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்பு விழாவில் மஸ்க்கும் பெசோஸும் சக்கர்பெர்க்கும் அமைச்சர்களாகப் போகிறவர்களுக்கு முன்வரிசையில் இருந்தார்கள். யார் யாருக்கு முன்னால் என்பதை அந்த நாற்காலி வரிசை மறைக்கவில்லை.

சமத்துவமின்மை பிளவை வளர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்பவர்கள்கூட, பிளவு சமத்துவமின்மையைக் காக்கிறது என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தலாமா என்று தனியாகக் கேட்டால் இரு கட்சி வாக்காளரிலும் பெரும்பகுதியினர் ஆம் என்கிறார்கள். டிரம்ப்புக்கு வாக்களித்த ஃபுளோரிடா, அதே 2020 வாக்குச்சீட்டில் மணிக்கு 15 டாலர் ஊதியத்தையும் ஏற்றது. கட்சி வண்ணம் பூசிய உடனே அது நின்றுவிடுகிறது. செனட்டில் பெரும்பாலான சட்டங்களுக்கு நூற்றில் 60 பேரின் ஒப்புதல் வேண்டும். எதிர்த்தரப்போடு உடன்படுவதே துரோகம் என்றாகிவிட்ட சபையில் அந்த 60 கிடைப்பதில்லை. எதுவும் நடக்காமல் இருந்தால் யாருக்கு லாபம்? இருக்கிற ஏற்பாட்டில் மேலே இருப்பவர்களுக்குத்தான்.

அரசமைப்பின் பழைய எடைக்கற்களும் இதில் சேர்ந்துகொள்கின்றன. 3 கோடியே 95 லட்சம் மக்கள் உள்ள கலிபோர்னியாவுக்கு இரண்டு செனட்டர்கள்; 5,77,000 பேர் உள்ள வயோமிங்குக்கும் இரண்டு. 2000இலும் 2016இலும் நாடு முழுவதும் குறைவான வாக்குப் பெற்றவரே, மாநிலவாரியாக வெற்றியைக் கணக்கிடும் தேர்வாளர் குழு முறையால் அதிபரானார். 2016இல் அந்த வேறுபாடு 28 லட்சத்துக்கு மேல்.

தொகுதி எல்லைகளை ஆளும் கட்சி தன் வசதிக்கு வெட்டிக்கொள்வது 1812 முதலே அங்கே உள்ள நோய். ஒஹாயோ மக்கள் அதற்கு மருந்து தேடினார்கள். 2015இலும் 2018இலும் மாநில அரசமைப்பைத் திருத்த நடந்த வாக்கெடுப்புகளில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் நியாயமான எல்லை வேண்டும் என்றார்கள். 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏழு முறை வரைபடங்களை நிராகரித்தது. தீர்மானமான வாக்கு தலைமை நீதிபதி மாரீன் ஓ'கானருடையது. அவரே குடியரசுக் கட்சிக்காரர். ஆனாலும் நிராகரிக்கப்பட்ட வரைபடத்திலேயே தேர்தல் நடந்தது. வயது வரம்பால் ஓய்வுபெற்ற பின் ஓ'கானர், எல்லை வரையும் பணியை அரசியல்வாதிகளிடமிருந்து எடுத்துக் குடிமக்கள் குழுவிடம் கொடுக்கும் திருத்தத்துக்காக ஊர் ஊராகப் பேசினார். 2024 நவம்பரில் வாக்குச்சீட்டில் அச்சான விளக்கமோ, இந்தத் திருத்தம் தொகுதிகளைத் திரித்து வரையக் கட்டாயப்படுத்தும் என்றது! அதை எழுதியது ஆளும் கட்சியின் பெரும்பான்மை உள்ள வாரியம். திருத்தம் தோற்றது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. வேண்டும் என்று நினைத்துப் போனவர் வேண்டாம் என்று குத்திவிட்டு வரும்படி ஒரு வாக்குச்சீட்டை எழுத முடியுமானால், தேர்தல் நடக்கிறது என்பதற்கு என்ன பொருள்?

ஜனநாயகக் கட்சியும் இதில் சுத்தமில்லை. அக்கட்சி ஆளும் இல்லினாய் மாநிலத்தின் தொகுதி வரைபடத்தைப் பார்த்தாலே போதும். 2025இல் டெக்சஸ், பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடுதலாக வருமாறு எல்லையை மாற்றியது. பதிலுக்குக் கலிபோர்னியா மக்கள் நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தித் தங்கள் எல்லையை ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டார்கள். 2019இலேயே உச்ச நீதிமன்றம், கட்சிக்காக எல்லை வரைவது மத்திய நீதிமன்றங்கள் தலையிடும் விஷயமல்ல என்று கையைக் கழுவிவிட்டிருந்தது.

2021 ஜனவரி 6 நிகழ்ச்சிகளை எல்லோரும் திரையில் பார்த்தோம். தேர்தல் முடிவை மாற்றக் கோரிய அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் தோற்ற பிறகு, கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. சுமார் 140 காவலர்கள் காயமடைந்தார்கள். அதற்கு நான்கு நாட்கள் முன்பு, ஜார்ஜியாவில் 11,780 வாக்குகளைக் 'கண்டுபிடிக்க' வேண்டும் என்று டிரம்ப் தொலைபேசியில் கேட்டபோது மறுத்தவர், அவர் கட்சியையே சேர்ந்தவரும் அங்கே தேர்தல் பொறுப்பை வகித்த மாநிலச் செயலருமான பிராட் ராஃபன்ஸ்பெர்கர். அந்த ஆண்டுகளில் ஓ'கானர், ராஃபன்ஸ்பெர்கர் போன்ற சில தனிமனிதர்களின் மனசாட்சியில்தான் அமைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் நின்றது பெருமை. அத்தனை பாரமும் அவர்கள்மேல் விழுந்தது அச்சம் தருகிறது. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், டிரம்ப் அந்தக் கலவர வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு அளித்தார். அதே ஆண்டு ஜூனில் மின்னசோட்டா மாநிலப் பிரதிநிதிகள் சபையின் ஜனநாயகக் கட்சித் தலைவர் மெலிசா ஹார்ட்மன் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கர்க் கல்லூரி மேடையில் கொல்லப்பட்டார். அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் அரசு இயந்திரமே முடங்கியது. அவ்வளவு நீண்ட முடக்கம் முன்பு நடந்ததில்லை. 1964இல் மத்திய அரசு பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்று நம்பியவர்கள் 77 விழுக்காடு. இப்போது ஐந்தில் ஒருவர்.

இதற்கு முன் அமெரிக்கா இப்படி இருந்ததே இல்லையா? இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் ராக்ஃபெல்லர், கார்னெகி காலத்தில் சொத்து இதே போல் உச்சியில் குவிந்தது. செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன, அங்கே பணம் விளையாடியது. 1911இல் ஸ்டாண்டர்ட் ஆயில் உடைக்கப்பட்டது. 1913இல் அரசமைப்பைத் திருத்தி வருமான வரிக்கு வழிசெய்தார்கள், செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். சங்கம் சேரும் உரிமைக்கு 1935 வரை, ஒரு பெரும் பொருளாதார வீழ்ச்சி வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நம்பிக்கைக்கு அது ஆதாரம்தான். ஆனால் அதற்கு நாற்பது ஆண்டுகளும் எண்ணற்ற உயிர்களும் செலவாயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மீண்டும் மஹோனிங் பள்ளத்தாக்கு. மூடிய கார் ஆலைக்கு அருகிலேயே ஜெனரல் மோட்டார்ஸும் தென்கொரியாவின் எல்.ஜி. நிறுவனமும் சேர்ந்து மின்கார் பேட்டரி ஆலை ஒன்றைக் கட்டின. 2022இல் உற்பத்தி தொடங்கியது. தொடக்க ஊதியம் மணிக்கு 16.50 டாலர், பழைய ஆலையில் வாங்கியதோடு ஒப்பிடவே முடியாத தொகை. அந்த ஆண்டு டிசம்பரில் தொழிலாளர்கள் சங்கம் வேண்டுமா என்று வாக்களித்தார்கள். வேண்டும் என்று 710 பேர், வேண்டாம் என்று 16 பேர். ஊதியம் உயர்ந்தது. அந்த 710 பேரில் டிரம்ப்புக்கு வாக்களித்தவர்களும் இருந்திருப்பார்கள், எதிராக வாக்களித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

மின்கார்த் தொழிலுக்கு ஊட்டம் கொடுத்த சட்டம் 2022 ஆகஸ்டில் செனட்டில் 51க்கு 50 என்று நிறைவேறியது. மின்கார் வாங்குவோருக்கான 7,500 டாலர் வரிச் சலுகையை முடித்துவைத்த சட்டமும் 2025 ஜூலை 1 அன்று அதே 51க்கு 50 என்றுதான் அங்கே நிறைவேறியது. செல்வந்தர்களுக்கான வரிக் குறைப்பை நீட்டித்து, ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டு நிதியைக் குறைத்ததும் இதே சட்டம். இதனால் 2034க்குள் சுமார் 1 கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள் என்று நாடாளுமன்றத்தின் நிதிநிலை அலுவலகமே கணக்கிட்டது. 2025இல் சமநிலையில் நின்ற வாக்கெடுப்பை உடைத்த அந்த ஒற்றை வாக்கு, மிடில்டவுனில் பிறந்து துணை அதிபராகியிருந்த வான்ஸுடையது. செப்டம்பர் 30 அன்று வரிச் சலுகை முடிந்தது. அக்டோபர் இறுதியில், பேட்டரி ஆலைத் தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜனவரி முதல் வேலைக்கு வர வேண்டியதில்லை என்று நிறுவனம் அறிவித்தது.